ஒரே பெயரில் இரண்டு 'திருகோணமலை' – அழித்தாலும் விடிய வந்து நிற்கிறது

ஸ்டூடியோ_தம்பி · ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பேய்க்கதை மாதிரி இருக்கும், கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

நானும் அண்ணாவும் திருகோணமலையில் கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோவில் திருவிழா என்று படம் எடுக்கிறவர்கள். படங்களை ஊர்வாரியாக ஃபோல்டர் போட்டு வைத்திருக்கிறோம். பெயர்கள் எல்லாம் தமிழில்தான். என்னிடம் விண்டோஸ் லேப்டாப். அண்ணாவிடம் பழைய மாக், இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். இரண்டு பேரும் ஒரே நாஸ் பெட்டிக்குள் (வீட்டு நெட்வொர்க்கில் கொழுவிய டிஸ்க் பெட்டி) ஒரே இடத்துக்குத்தான் அனுப்புகிறோம். என் பக்கம் விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற நகல் நிரல், உட்ஃபோல்டர்களையும் சேர்க்கச் சொல்லும் /ஈ மட்டும் போட்டது, இரவு 11 மணிக்குத் தானாக ஓடும். அண்ணா பக்கம் ஆர்சிங்க் என்ற நகல் நிரல், எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக. எதையும் அழிக்கச் சொல்லி இரண்டு பேரும் கட்டளை கொடுக்கவில்லை.

இப்போது நாஸில் 'திருகோணமலை' என்று இரண்டு ஃபோல்டர் நிற்கிறது. பெயருக்குப் பின்னால் இடைவெளி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டேன், இல்லை. ஒன்றுக்குள் நான் திருத்திய படங்கள், மற்றதற்குள் அண்ணாவின் அசல் படங்கள். போன வாரம் கடுப்பில் என்னுடையதை அழித்தேன், லேப்டாப்பில் இருக்கிறதுதானே என்ற தைரியம். விடிய எழும்பிப் பார்த்தால் திரும்ப வந்து நிற்கிறது.

இன்னொன்று. இரவு 11 மணிக்குத் தொடங்குகிற நகல் சில நாள் காலை 8 மணிக்கும் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பிருக்கிறதா தெரியவில்லை.

வயர்க்காரன் · ஞாயிறு இரவு 10.02

விடிய வருவது பேய் இல்லை தம்பி, உங்கள் ரோபோகாப்பிதான். லேப்டாப்பில் இருப்பது நாஸில் இல்லை என்று கண்டால் திரும்ப அனுப்பும். அதன் வேலையே அது. நாஸில் அழித்து ஒரு பலனும் இல்லை.

விடியும்வரை ஓடுவதற்கு முதலில் வயரைப் பாருங்கள். நெட்வொர்க் இணைப்பின் வேகம் (நொடிக்கு மெகாபிட் கணக்கில்) 100 என்று காட்டுகிறதா, 1000 என்று காட்டுகிறதா? 100 என்றால் நொடிக்கு 12 மெகாபைட்டுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். 500 ஜிகாபைட் போய்ச் சேரப் பதினொன்றரை மணித்தியாலம் ஆகும். 1000க்கு வயருக்குள் இருக்கும் எட்டுக் கம்பியும் ஒழுங்காகத் தொட வேண்டும், ஒரு சோடி விட்டுப்போனாலே 100க்கு இறங்கிவிடும். எங்கள் ஊர் உப்புக்காற்றுக்குச் செருகியின் பின் பச்சை பிடிப்பதை நான் கிழமைக்கு ஒருக்கால் காண்கிறேன். கடற்கரைப் பக்க வீடென்றால் அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

இரட்டைப் பெயர் எனக்கும் விளங்கவில்லை.

அவசரக்காரன் · ஞாயிறு இரவு 10.15

ஏன் இவ்வளவு கதை? /ஈ-க்குப் பதில் /எம்ஐஆர் போடுங்கள். லேப்டாப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் நாஸிலும் இருக்கும். மேலதிகமாக நிற்பதைத் தானே துடைத்துவிடும். ஒரு சொல் மாற்றம், அவ்வளவுதான்.

லினக்ஸ்_மாமா · ஞாயிறு இரவு 10.41

கண்ணாடி போல நகல் எடுக்கிற அந்தக் கட்டளையை இப்போதைக்குத் தொடாதீர்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் கொட்டுகிறீர்கள். உங்கள் லேப்டாப்பின் கணக்கில் அண்ணாவின் படங்கள் எல்லாமே 'மேலதிகம்'தான்.

ஒரு கேள்வி: எல்லா ஊரும் இரட்டிக்கிறதா, சில ஊர் மட்டுமா? பட்டியலை அப்படியே இங்கே போடுங்கள்.

ஸ்டூடியோ_தம்பி · ஞாயிறு இரவு 10.55

இதோ மாமா.
ஒன்று மட்டும் உள்ளவை: நிலாவெளி, உப்புவெளி, மூதூர், கிண்ணியா, சம்பூர், வெருகல்.
இரண்டாக உள்ளவை: திருகோணமலை, தோப்பூர், கொட்டியாரம், மொரவெவ, கோமரங்கடவல.

வெருகல் அண்ணா மட்டும் எடுத்தது, அதனால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மற்ற எல்லா ஊருக்கும் இரண்டு பேரும் போயிருக்கிறோம்.

ஓய்வுபெற்ற_ரீச்சர் · ஞாயிறு இரவு 11.20

கணினி எனக்குத் தெரியாது, பேரப்பிள்ளை இந்த இழையைக் காட்டியதால் எழுதுகிறேன். இரட்டித்த ஊர்களை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். கோ, தோ, கொ, மொ, கோ. எல்லாவற்றிலும் ஒகரமோ ஓகாரமோ இருக்கிறது. ஒற்றையாய் நிற்கும் ஊர் ஒன்றில்கூட அது இல்லை. முப்பது வருடம் உயிர்மெய் வரிசை படிப்பித்த கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது. இதில் ஏதும் அர்த்தம் இருக்குமா?

லினக்ஸ்_மாமா · ஞாயிறு இரவு 11.48

ரீச்சர், நீங்கள் பிடித்துவிட்டீர்கள். நான் பட்டியலைக் கேட்டதே வேறு சந்தேகத்தில்.

'கொ' எழுத நாங்கள் என்ன போடுகிறோம்? முன்னால் ஒற்றைக் கொம்பு, நடுவில் க, பின்னால் அரவு. கொம்பும் அரவும் சேர்ந்ததுதான் ஒகரக் குறி. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு எண் (குறியீடு) கொடுக்கிற யுனிகோட்டில் இதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறிக்கென்றே உள்ள ஒற்றைக் குறியீட்டால் எழுதலாம், அல்லது கொம்புக்கு ஒன்று அரவுக்கு ஒன்று என்று இரண்டு குறியீடாகப் பிரித்து எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், மயிரிழை வித்தியாசம் இராது. இரண்டும் சமம் என்று யுனிகோட் விதியே சொல்கிறது. ஆனால் டிஸ்க்கில் கிடக்கும் பைட்டுகள் வேறு. 'திருகோணமலை' சேர்ந்த வடிவில் 10 குறியீடு, பிரிந்த வடிவில் 11.

விண்டோஸ் நீங்கள் கொடுத்ததை அப்படியே வைக்கும், தட்டும்போது வருவது பெரும்பாலும் சேர்ந்த வடிவம்தான். பழைய மாக்கின் டிஸ்க் அமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ் எல்லாப் பெயரையும் பிரித்துத்தான் எழுதும். 1998இல் வந்த ஏற்பாடு அது. 2017இல் வந்த புதிய அமைப்பான ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவத்தை மாற்றாது, ஆனால் அண்ணாவின் சுழலும் டிஸ்க் பழைய முறையில்தான் இருக்கும் போலிருக்கிறது. ஆர்சிங்க் அந்தப் பிரிந்த பைட்டுகளை அப்படியே தூக்கி நாஸுக்குக் கொடுக்கிறது. நாஸுக்குள் ஓடும் லினக்ஸ் பைட்டைத்தான் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது. அதற்கு அவை இரண்டு வெவ்வேறு ஊர்.

தம்பி, அண்ணாவின் ஃபோல்டர்களுக்குள் இருக்கும் படங்களின் பெயரும் இப்படித்தான் பிரிந்து கிடக்கும். நாளை ஆறுதலாகச் சரிசெய்வோம்.

ஸ்டூடியோ_தம்பி · திங்கள் காலை 6.30

நாசமாய்ப் போச்சு.

10.15க்கு அந்த /எம்ஐஆர் யோசனையைக் கண்டவுடன் கட்டளையை மாற்றி வைத்துவிட்டேன். மாமா தொடாதே என்று எழுதியதை வாசித்தேன், பட்டியல் தட்டுகிற மும்முரத்தில் திரும்பப் போய் மாற்ற மறந்துபோனேன். 11 மணிக்கு ஓடிவிட்டது. இப்போது நாஸில் இரட்டை எதுவும் இல்லை. அண்ணாவின் ஃபோல்டர் எதுவுமே இல்லை. வெருகலும் இல்லை. மூதூரும் நிலாவெளியும் ஒன்றாய் நிற்கின்றன, ஆனால் உள்ளே என் படங்கள் மட்டும். மாக்கில் இடம் இல்லை என்று 2021க்கு முந்தியதை அண்ணா எப்போதோ அழித்துவிட்டார், அவருக்கு இருந்தது நாஸ் மட்டும்தான். அவர் இன்னும் எழும்பவில்லை.

அவசரக்காரன் · திங்கள் காலை 6.52

தம்பி, மன்னிக்க வேண்டும். நீங்கள் ஒரு ஆள்தான் பாவிக்கிறீர்கள் என்று நினைத்து எழுதினேன். முதல் பதிவை முழுக்க வாசிக்காதது என் பிழை.

வயர்க்காரன் · திங்கள் காலை 6.58

சரி, இப்போது செய்ய வேண்டியது. முதலில் இரவு வேலையை நிறுத்துங்கள், அண்ணாவின் ஆர்சிங்கையும். நாஸில் புதிதாக ஒரு ஃபைலும் எழுதக்கூடாது.

லேப்டாப்பின் குப்பைத்தொட்டியைத் தேட வேண்டாம், நெட்வொர்க்கில் அழிந்தது அங்கே வராது. நாஸின் உலாவிப் பக்கத்துக்குள் போய், அந்தப் பகிர்வுக்கு மீள்பெட்டி (நாஸின் சொந்தக் குப்பைத்தொட்டி) திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பகிர்வை உருவாக்கும்போது ஒரு சரி அடையாளம் போடச் சொல்லிக் கேட்டிருக்கும். விண்டோஸ் வழியாக, அதாவது நாஸில் விண்டோஸுக்குப் பகிர்வு கொடுக்கிற சம்பா என்ற நிரல் வழியாக அழிந்தவை அங்கே ஒதுங்கியிருக்கும். இதே வேலையை அண்ணாவின் ஆர்சிங்க் செய்திருந்தால் எஸ்எஸ்எச் வழியாக நேரே போயிருக்கும், மீள்பெட்டிக்குத் தெரிந்தே இராது.

ஸ்டூடியோ_தம்பி · திங்கள் காலை 7.35

இருக்கிறது!! பெட்டியைப் பூட்டித் தந்த பெடியன் அந்த அடையாளத்தைப் போட்டுவிட்டிருக்கிறான், எங்களுக்குத் தெரியவே தெரியாது. வெருகல், தோப்பூர், எல்லாம் உள்ளே. கை இன்னும் நடுங்குகிறது.

பழைய இடத்துக்கே எடுத்து வைக்கவா?

லினக்ஸ்_மாமா · திங்கள் காலை 8.10

வேண்டாம். அங்கே வைத்தால் பழைய குழப்பமும் கூடவே வரும். நாஸில் 'லேப்டாப்' என்று ஒன்று, 'மாக்' என்று ஒன்று, இரண்டு தனி ஃபோல்டர் திறவுங்கள். மீண்டவை முழுக்க 'மாக்' உள்ளே போகட்டும். இனி நீங்கள் உங்கள் வீட்டுக்குள் மட்டும், அண்ணா அவர் வீட்டுக்குள் மட்டும். ஒருவர் பிழைவிட்டாலும் மற்றவரின் படம் தப்பும்.

பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்ற 'கான்வ்எம்வி' என்று ஒரு பெர்ல் நிரல் உண்டு. அதற்கு என்எஃப்சி (சேர்ந்த வடிவத்தின் பெயர்) என்ற தெரிவையும், உட்ஃபோல்டர்களுக்கு ஆர் தெரிவையும் கொடுங்கள். அதில் எனக்குப் பிடித்தது, சும்மா ஓட்டினால் எதையும் மாற்றாது, எதை எப்படி மாற்றப் போகிறது என்று காட்டும். 'நோடெஸ்ட்' என்று சொன்னால்தான் உண்மையாகக் கை வைக்கும்.

அண்ணாவின் பக்கத்தையும் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஓட்டத்தில் ஆர்சிங்க் பிரிந்த பெயரில் எல்லாவற்றையும் புதிதாக அனுப்பும், திரும்ப இரட்டை. ஆர்சிங்கில் 'ஐகான்வ்' என்ற தெரிவு உண்டு. முதலில் யுடிஎஃப்-8-மாக், கமா, பிறகு யுடிஎஃப்-8 என்று கொடுத்தால் போகிற வழியிலேயே பெயரைச் சேர்த்துவிடும். ஆனால் அது 2008இல் வந்த 3.0.0 பதிப்பில்தான் நுழைந்தது. பழைய மாக்குகளோடு வருவது 2006இன் 2.6.9. புதியதை ஹோம்ப்ரூ (மாக்கில் நிரல்களை நிறுவும் கருவி) வழியாகப் போட வேண்டும், நாஸ் பக்கமும் 3க்கு மேல் இருக்க வேண்டும்.

(இடையில் ஒரு சுவையான விசயம். 1996இல் ஆர்சிங்கை எழுதிய இருவரில் ஒருவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். சம்பாவைத் தொடங்கியவரும் அவரே. தம்பியும் அண்ணாவும் நாஸுக்குப் போகிற இரண்டு வழியும் ஒரே ஆள் வெட்டியது.)

ஓய்வுபெற்ற_ரீச்சர் · திங்கள் காலை 9.05

தம்பி வெருகலை விட்டுவிடச் சொன்னார், ஆனால் எனக்கு மனம் கேட்கவில்லை. 'வெ'யிலும் கொம்பு இருக்கிறதே. 'நிலாவெளி'யிலும்தான். அவை ஏன் பிரியவில்லை?

லினக்ஸ்_மாமா · திங்கள் காலை 9.30

நல்ல கேள்வி ரீச்சர். எகரத்துக்கு ஒரு கொம்போடு சரி, பிரிக்க இரண்டாவது துண்டு இல்லை. ஏகார இரட்டைக் கொம்பும் ஐகார இணைக்கொம்பும் யுனிகோட்டுக்கு ஒவ்வொரு துண்டுதான். உயிர்மெய்க் குறிகளில் இரண்டு துண்டாய் வருவது ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றும்தான். தனி எழுத்தாக நிற்கும் ஔவும் பிரியும்.

மாக் இல்லாத வீட்டிலும் இது வரலாம். சில தட்டச்சு அமைப்புகளில் கொம்பையும் அரவையும் தனித்தனியாகத் தட்டுவோம், அவை சேராமல் அப்படியே நின்றுவிட்டால் இதே கூத்துத்தான்.

ஓய்வுபெற்ற_ரீச்சர் · திங்கள் காலை 9.52

அப்படியென்றால் ஔகாரத்துக்கு இன்னொரு தலையிடி இருக்கிறது. 'கௌரி' என்று எழுதச் சொன்னால் பாதிப் பேர் கொம்பு, க, பிறகு ளகரம் என்று 'கெளரி' எழுதுவார்கள். வாசித்தால் 'கெ-ள-ரி'. கொப்பி திருத்தும்போது சிவப்பு மையில் சுழித்துச் சுழித்துக் கை ஓய்ந்தது. அதையும் உங்கள் நிரல் சேர்த்துவிடுமா?

லினக்ஸ்_மாமா · திங்கள் காலை 10.04

சேர்க்காது. அது எழுத்துப்பிழை, யுனிகோட்டுக்கு அவை வேறு வேறு சொல். அதற்குச் சிவப்பு மைதான்.

அவசரக்காரன் · திங்கள் காலை 10.20

குட்டு வாங்கின பிறகும் கேட்கிறேன். ஃபோல்டருக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் இந்தச் சிக்கல் ஒன்றுமே இல்லையே?

ஸ்டூடியோ_தம்பி · திங்கள் காலை 10.31

அம்மாதான் வாடிக்கையாளருக்குப் படம் தேடிக் கொடுக்கிறவர். அவர் தமிழில்தான் தேடுவார். ஆங்கிலத்தில் தோப்பூரை அண்ணா ஒரு மாதிரி எழுதுவார், நான் ஒரு மாதிரி எழுதுவேன், அப்போதும் இரண்டு தோப்பூர்தான் வரும் 🙂

வயர்க்காரன் · திங்கள் பகல் 12.15

விடியும்வரை ஓடுகிற கதையை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். வயரைப் பார்த்தீர்களா தம்பி?

ஸ்டூடியோ_தம்பி · திங்கள் பகல் 1.40

பார்த்தேன் அண்ணா, 1000 என்றுதான் காட்டுகிறது. நேற்றிரவு ஓடியதன் பதிவை இப்போதுதான் முதல்தடவையாகத் திறந்து வாசித்தேன். ஒரு கல்யாணப் படத்தின் பெயர்தான் பக்கம் பக்கமாக வருகிறது. பிழை, 30 நொடி காத்திருப்பு, திரும்ப முயற்சி, திரும்பப் பிழை. அந்த ஃபைல் லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லாமல் திறக்கிறது.

பெயர் மட்டும் கொஞ்சம் நீளம். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம், திகதி, சடங்கு எல்லாம் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

வயர்க்காரன் · திங்கள் பகல் 2.05

அகப்பட்டது. ரோபோகாப்பிக்கு நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், போகாத ஃபைலை 10 இலட்சம் தடவை முயற்சி செய்யும், ஒவ்வொன்றுக்கும் இடையில் 30 நொடி. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு வருடம். /ஆர்:2 /டபிள்யூ:5 என்று சேருங்கள். இரண்டு தடவை பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகும்.

ஏன் போகவில்லை என்பதை மாமா சொல்லட்டும்.

லினக்ஸ்_மாமா · திங்கள் பகல் 2.40

விண்டோஸ் டிஸ்க்கில் ஒரு பெயர் 255 குறியீடு வரை நீளலாம். லினக்ஸில் 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அவர்களுக்கு இரண்டும் ஒன்று, வித்தியாசமே தெரியாது. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ஆக 85 குறியீட்டோடு சரி. 'தி' என்பது எங்களுக்கு ஒரு எழுத்து, அதற்கு இரண்டு குறியீடு, ஆறு பைட். 'திருகோணமலை' என்ற ஒரு சொல்லே 30 பைட்டை விழுங்கிவிடும். மாப்பிள்ளையையும் பெண்ணையும் மண்டபத்தையும் ஒரே பெயருக்குள் இருத்தினால் லேப்டாப் இடம் கொடுக்கும், நாஸ் கொடுக்காது.

மண்டபத்தையும் திகதியையும் ஃபோல்டர் பெயராக்குங்கள். 255 என்பது ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி.

ஸ்டூடியோ_தம்பி · திங்கள் மாலை 5.10

அப்படியென்றால் இந்தப் படம் நாஸுக்கு ஒருநாளும் போகவே இல்லையா?

லினக்ஸ்_மாமா · திங்கள் மாலை 5.22

போகவில்லை. அதற்குப் பின்னால் வரிசையில் நின்றவையும் அந்தந்த இரவுகளில் போயிராது.

கிண்ணியா_நானா · திங்கள் இரவு 8.45

எல்லாம் வாசித்தேன். தம்பி, நாஸும் லேப்டாப்பும் ஒரே அறையிலா? 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் கரை தொட்டபோது என் கடையில் கொம்பியூட்டர், அதோடு கொழுவியிருந்த வெளி டிஸ்க், இரண்டும் ஒரே மேசையில். ஒரு தகரம் கிளம்பியது, இரண்டுக்கும் மேல் ஒரே தண்ணீர். அதற்குப் பிறகு மூன்றாவது டிஸ்க் ஒன்று கண்டியில் தங்கச்சி வீட்டு அலுமாரியில். பெருநாளைக்குப் போகும்போது ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கி வருவேன். வேறு நாளில் அது எந்த வயரிலும் கொழுவியிராது.

அந்த டிஸ்க்கை எஃப்ஏடி32 என்ற பழைய டிஸ்க் அமைப்பில் வைக்காதீர்கள். கல்யாண வீடியோ 4 ஜிகாபைட்டைத் தாண்டினால் ஏற்காது. விண்டோஸும் மாக்கும் இரண்டும் எழுத வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட்.

ஸ்டூடியோ_தம்பி · திங்கள் இரவு 9.15

ஒரே அறைதான் நானா. ஒரே பிளக் பலகைகூட. எங்களுக்கு வவுனியாவில் பெரியம்மா இருக்கிறார், அவரிடம் கேட்கிறேன்.

ஸ்டூடியோ_தம்பி · வியாழன் இரவு 10.20

நடந்ததைச் சொல்கிறேன்.

மீள்பெட்டியில் இருந்தவை எல்லாம் 'மாக்' ஃபோல்டருக்குள் வந்துவிட்டன. கான்வ்எம்வி முதலில் சும்மா ஓட்டியபோது மாற்ற வேண்டிய பெயர்கள் 4 ஆயிரத்துக்கும் மேல் என்று காட்டியது. கல்யாணம், கோவில் இரண்டு சொல்லும் எங்கள் எல்லாப் பெயரிலும் இருக்கும். 'கோவில்' மாட்டிக்கொண்டது, 'கல்யாணம்' தப்பிவிட்டது. பிறகு உண்மையாக ஓட்டினேன். அண்ணாவின் மாக்கில் புதிய ஆர்சிங்க் போட்டு, ஐகான்வ் சேர்த்து, இரண்டு இரவு ஓடியும் ஒரு இரட்டையும் வரவில்லை.

என் பக்கம் இப்போது 'லேப்டாப்' ஃபோல்டருக்குள் மட்டும் போகிறது. /எம்ஐஆரை எடுத்துவிட்டேன். வயர்க்கார அண்ணா தனிச் செய்தியில் சொன்னபடி, ஏதும் மாற்றினால் முதலில் /எல் சேர்த்து ஓட்டி, என்ன செய்யப் போகிறது என்ற பட்டியலை மட்டும் பார்க்கிறேன். நீளப் பெயர் ஃபைல்கள் 23 இருந்தன, சுருக்கிவிட்டேன். நேற்று 11 மணிக்குத் தொடங்கியது 11.20க்கு முடிந்தது.

அண்ணாவிடம் திங்கட்கிழமை முழுக்கச் சொல்லவில்லை. செவ்வாய் இரவு சாப்பிடும்போது சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வெருகல் தேர்ப் படம் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். போய்த் திறந்து பார்த்துவிட்டு வந்துதான் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார்.

ஓய்வுபெற்ற_ரீச்சர் · வியாழன் இரவு 10.48

தம்பி, அம்மாவிடம் சொல்லி அந்த ஃபோல்டர்களில் 'கெளரி' என்று தேடிப் பாருங்கள். ஒன்றாவது அகப்படும்.

ஸ்டூடியோ_தம்பி · வியாழன் இரவு 11.02

மூன்று அகப்பட்டது ரீச்சர். மூன்றும் நான் எழுதியது.